கேமராவைச் சொன்னா நமக்கு ஏன் சுருக்குன்னு குத்துது?

போன ஞாயித்துக்கிழமை மண்ணாடிப்பட்டுல இருந்து ஊசுட்டேரிக்குப் பறவைகளைப் படம் எடுக்கப் போனோம். என் கேமராவைப் பார்த்து நண்பன், "இந்த பிராண்டையா வாங்கின?"ன்னான். அவ்வளவுதான்! கேனானா நிக்கானான்னு அரை மணி நேரம் சண்டை. எதிர்ல நின்ன நத்தைகுத்தி நாரை பறந்தே போயிடுச்சு.

ஏன் இவ்வளவு கோபம்? 1956-ல ஜாக் பிரெம்-ங்கிற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை வெளியிட்டார். சில வீட்டு உபயோகப் பொருள்களுக்கு மார்க் போடச் சொன்னார். அப்புறம் ரெண்டைக் காட்டி, ஒண்ணைப் பரிசா எடுத்துக்கச் சொன்னார். மறுபடி மார்க் போட்டப்போ எடுத்ததுக்கு ஏறுச்சு, விட்டதுக்கு இறங்குச்சு. பொருள் அதேதான், மனசுதான் மாறிடுச்சு. ரெண்டும் ஏறக்குறைய சமமாப் பிடிச்சிருந்தா, இந்த மாற்றம் இன்னும் அதிகம். கேமரா சண்டையும் அப்படித்தான்.

எனக்கு இன்னும் நாலு மாச இ.எம்.ஐ. பாக்கி. தப்பா வாங்கிட்டேன்னு எப்படி ஒத்துக்கறது? நான் காப்பாத்தப் பார்த்தது கேமராவை இல்ல, என் முடிவை.

ராத்திரி அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "இருட்டுல என்னுது கொஞ்சம் தடுமாறும்டா." உடனே பதில்: "என்னுது செம கனம். தோள்பட்டை வலிக்குது."

அடுத்த ஞாயிறு மறுபடி ஏரிக்குப் போறோம்.