பண்ணை போனது, கெளுத்தி இருக்கிறது

சிங்கப்பூரின் கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்திலிருந்து வடக்கே சற்று நடந்தால் உலு பாண்டான் கால்வாய். கரையோரமாகப் பூங்கா இணைப்புப் பாதை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஜிலேபி மீன் கூட்டம்தான். பார்வை பழகிய பிறகே அடியில் கிடக்கும் கரிய உருவங்கள் பிடிபடும். தட்டைத் தலை, வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை, செதிலே இல்லாத வழுவழுப்பான உடல். கெளுத்தி. மலாய்க்காரர்கள் ஈக்கான் கெலி என்பார்கள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கு அவற்றில் ஒன்றிரண்டு குறையும். பாதையில் போகிறவர்கள் கைப்பேசியோடு கூடிவிடுவார்கள்.

இங்கே நீந்துவதில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கெளுத்தி. சீக்கிரம் வளர்கிறது என்பதற்காகத் தென்கிழக்காசியப் பண்ணைகளுக்கு 1980களில் வந்து பரவிய இனம். சந்தையில் உயிரோடு வாங்கி, விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று நீரில் விடுபவர்களால் கால்வாய்களுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் அது வந்து சேர்கிறது. அப்படி விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆண்டுதோறும் சொல்கின்றன. இது பண்ணைக்கென்றே வந்த மீன். பண்ணைதான் இப்போது இங்கே இல்லை.

கிளமெண்டி நகரம் எழுந்தது 1970களின் பின்பாதியில். அதற்கு முன் உலு பாண்டான், ஜூரோங் பக்கமெல்லாம் சதுப்பும் கம்பம் எனும் சிற்றூர்களும் காய்கறித் தோட்டமும் பன்றிக் கொட்டகையும்தான். கொட்டகை இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு குளமும் இருந்தது. தென்சீனத்துக் குவாங்தோங் பகுதியிலிருந்து வந்த விவசாயிகள் தங்கள் ஊர் முறையை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அந்த முறையை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் வீணாகப் போனது என்று எதுவுமே இல்லை.

கொட்டகை குளக்கரையில் இருக்கும். அதைக் கழுவிய தண்ணீர் நேரே குளத்தில் இறங்கும். பன்றிச் சாணம் கரைந்ததும் சில நாளில் தண்ணீர் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சைதான் தீவனம்: கண்ணுக்குத் தெரியாத பாசியும் நுண்ணுயிரும். பெருந்தலைக் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் அதை வடிகட்டித் தின்னும். கரையில் அறுத்துப் போட்ட புல்லைப் புல்கெண்டை தின்னும். புல்கெண்டையின் எச்சம் மறுபடி தண்ணீரைப் பச்சையாக்கும். அடிச்சேற்றைச் சாதாக் கெண்டை கிளறிக்கொண்டிருக்கும். ஒரே குளத்தில் மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மீனுக்கும் தனி இடம், தனி உணவு. குளத்தின் ஒரு மூலையில் ஆகாயத்தாமரை வளர்ப்பார்கள். தமிழ்நாட்டில் ஏரிக்குப் பிடித்த பீடை என்று நாம் வாரிக் கொட்டும் அதே செடிதான். அதை நறுக்கி, பெரிய இரும்புச் சட்டியில் தவிட்டோடு வேகவைத்தால் பன்றிக்குத் தீனி. குளத்துத் தண்ணீரைக் காவடியில் இரண்டு பக்கமும் தகரக் குவளை தொங்கச் சுமந்து கீரைப் பாத்திக்கு ஊற்றுவார்கள். குளத்தை வற்றவைத்து மீன் பிடித்த பிறகு அடிச்சேற்றை அள்ளிப் பாத்தியில் போடுவார்கள். கீரையில் விற்காத இலை பன்றிக்கும் புல்கெண்டைக்கும். ஒன்றின் கழிவு அடுத்ததன் சோறு.

இந்த ஏற்பாட்டில் கெண்டைக்கு மரியாதை இருந்தது. விருந்துத் தட்டில் முழுசாக வைக்கும் மீன் அது. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த ஜிலேபிக்கு அந்த அளவு இல்லாவிட்டாலும் ஓர் இடம் கிடைத்தது. கெளுத்திக்குக் கிடைத்தது கடைசி இடம். கிணற்றுக்குழி, வாய்க்கால், வேறெந்த மீனும் பிழைக்காத கலங்கல் குட்டை. எதைப் போட்டாலும் தின்னும்: கோழிக்குடல், அழுகிய மீன், சமையலறை மிச்சம். பல கம்பங்களில் குட்டைக்கு மேல் பலகை போட்டுக் கழிப்பிடமும் கட்டியிருந்தார்கள். இதனால்தான் பழைய கம்பத்துக்காரர்கள் பலர் கெளுத்தி என்றால் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். அந்த அருவருப்பை நான் குறை சொல்ல மாட்டேன். காலராவையும் டைபாய்டையும் கண்ட தலைமுறை அது.

ஆனால் மீனைக் குறை சொல்வதற்கில்லை. கெளுத்தியின் செவுளுக்கு மேலே கிளை கிளையாகப் பிரிந்த தனி உறுப்பு ஒன்று உண்டு. அதைக் கொண்டு காற்றிலிருந்தே மூச்சிழுக்கும். தண்ணீரில் உயிர்வளி தீர்ந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுக் கீழே போகும். மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு ஈரத் தரையில் நெளிந்தே போய்விடும். ஈரச் சாக்கில் போட்டால் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். ஐஸ் இல்லாத காலத்தில் சந்தைக்குக் கொண்டுபோக இதைவிட வசதியான மீன் கிடையாது. பிடிக்கத் தெரியாதவன் கையில் பக்கத்து முள் ஏறினால் அன்றிரவு தூக்கம் போகும். தெரிந்தவர்கள் முள்ளுக்குப் பின்னால் விரல் கொடுத்துத் தலையோடு அழுத்திப் பிடிப்பார்கள். இல்லாதவன் வளர்க்க ஏற்ற மீன் அது. இல்லாதவர்கள்தான் வளர்த்தார்கள்.

இந்த வட்டாரத்தில் குளங்கள் ஒரே நாளில் போகவில்லை. 1961ல் ஜூரோங் தொழிற்பேட்டை வேலை தொடங்கியதும் கரையோர இறால் குட்டைகள் மண்ணுக்குள் போயின. அதே ஆண்டில் உலு பாண்டானில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்தது. 1960களின் நடுவில் ஜூரோங்குக்கு ரயில் தடம் இந்தப் பக்கமாக ஓடியது. 1970களில் பாண்டான் ஆற்று முகத்தில் நீர்த்தேக்கம் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் வந்தன. பாண்டானும் கிராஞ்சியும் நீர்த்தேக்கமானபின் மழை நீர் ஓடிவரும் நிலமெல்லாம் குடிநீருக்கான நிலம். அங்கே பன்றிக் கொட்டகையைக் கழுவி ஆற்றில் விட முடியாது. 1974லிருந்து கிராஞ்சிப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு நகர்த்தப்பட்டன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டில் சுத்தமாக்க வேண்டும் என்றார். 1984ல் பன்றி வளர்ப்பையே நாட்டில் நிறுத்துவதென்று அரசாங்கம் அறிவித்தது. 1990க்குள் பொங்கோலும் காலியானது. நடுவில், 1987 ஜனவரி 24ஆம் தேதி, வாளியில் மலம் அள்ளும் முறை முடிவுக்கு வந்தது.

பன்றி போனதும் குளத்தின் பச்சை போனது. குளத்தை யாரும் தனியாகக் குறிவைத்து மூடத் தேவையே இருக்கவில்லை. அதற்கு ஊட்டம் வந்த வழி அடைபட்டதும் அது தானாகவே செலவு பிடித்த வெறுங்குழியாகிவிட்டது. மனிதக் கழிவு எங்கே போனதென்றும் சொல்ல வேண்டும். 2007ல் உலு பாண்டானில் புதுநீர் ஆலை திறந்தது. முன்பு குட்டைக்குப் போனது இப்போது குழாய்வழி ஆலைக்குப் போய்ச் சுத்தமான தண்ணீராகத் திரும்புகிறது. தண்ணீருக்காக அண்டை நாட்டை எதிர்பார்த்திருந்த தீவு இதைச் செய்யாமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். கழிவிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டோம். அதிலிருந்த சோற்றை விட்டுவிட்டோம்.

விட்டதில் எனக்கு மிகவும் உறுத்துவது நிலம்கூட இல்லை. இழப்பீடும் வீவக வீடும் கிடைத்தன. பலருக்குக் கூரையும் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் அப்போதுதான் ஒழுங்காக அமைந்தன. ஆனால் ஐம்பது வயதில் பத்தாவது மாடிக்கு ஏறிய விவசாயிக்குத் தண்ணீரின் பச்சை முற்றியதா, இளசா என்று பார்த்தவுடன் தெரியும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று சாணம் விடக் கூடாது என்று தெரியும். அந்த அறிவுக்குத் தொழிற்சாலையிலும் காவலாளி வேலையிலும் இடமில்லை. சிலர் மட்டும் வேறு வழி கண்டார்கள். இன்று அலங்கார மீன் வணிகத்தில் உலகறிந்த சியான் ஹூ நிறுவனத்தை நடத்தும் குடும்பம் முன்பு பன்றி வளர்த்தது. பன்றி போனபின் கப்பி மீன் வளர்க்கத் தொடங்கியது. அலங்கார மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் உலகின் முன்னணிக்குப் போனதில் பழைய பண்ணைக்காரர்களின் கைப்பழக்கத்துக்கும் பங்குண்டு. சாப்பிடும் மீனுக்கு அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை.

இப்போது கிளமெண்டியில் கெளுத்தி வேறு வழியாக வருகிறது. உணவங்காடி நிலையத்தில் மீன் சூப்பிலும் மேற்கத்திய உணவுக் கடையில் பொரித்த மீனிலும் ‘டோரி’ என்று வரும் வெள்ளைத் துண்டு பெரும்பாலும் வியட்நாமின் மேக்கோங் ஆற்றுக் குளங்களில் வளர்ந்த பங்காசியஸ். அதுவும் கெளுத்திக் குடும்பங்களில் ஒன்றுதான். முள் இல்லை, தோல் இல்லை, வாடை இல்லை, விலையும் குறைவு. கெளுத்தியை வீட்டுக்குள் விடாத குடும்பங்களும் பிள்ளைகளுக்கு அதை ஆசையாக வாங்கித் தருகின்றன. உயிருள்ள கெளுத்தி வேண்டுமானால் மலேசியக் குளத்து மீன் கிடைக்கும். தேக்கா பக்கம் லெம்பு சாலையில் வங்காளதேசத்துக் கடைகளின் உறைபெட்டிகளில் ரோகு, இலிஷ் வரிசையில் கெளுத்தி இனங்களும் பனி பூத்துக் கிடக்கும்; ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் ஊர்ச் சுவை தேடி வாங்கிப் போவார்கள். சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மீன், கடலுணவில் உள்ளூர் உற்பத்தியின் பங்கு 2023ல் 7.3 விழுக்காடு; 2024ல் 6.1. மலேசியா 2022 ஜூனில் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஈரச்சந்தைகளில் கோழிக் கடைகள் இழுத்து மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தெரியாது.

பண்ணை என்றாலே பழைய குட்டையை அப்படியே திரும்பக் கொண்டுவருவது என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும். இந்திய அரசு ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. இருந்தும் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குழி தோண்டி, இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டிக் கள்ளத்தனமாக வளர்ப்பது ஓயவில்லை; மீன்வளத் துறை குட்டைகளை அழிப்பதும் அவ்வப்போது செய்தியாகிறது. வெள்ளத்தில் அந்த மீன் ஏரிக்குள் புகுந்தால் நாட்டு மீனையும் குஞ்சையும் தின்று தீர்க்கும். தாய்லாந்தில் பண்ணைக் கலப்பினம் தப்பித்து உள்ளூர்க் கெளுத்தியோடு இனம் கலந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பன்றியும் கெண்டையும் கீரையும் ஒன்றையொன்று தாங்கிய குளம் வேறு. கழிவைக் கொட்டிக் காசு பார்க்கும் குழி வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது அந்தப் பழைய விவசாயிகளுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டும் அல்லாத வழியும் உண்டு. நெதர்லாந்துக்காரர்கள் 1980களிலிருந்தே இதே ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கூரைக்குக் கீழே, தொட்டியில், ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து பயன்படுத்தி வளர்க்கிறார்கள். மீன் விடும் அம்மோனியாவை நுண்ணுயிர்ப் படுகை நைட்ரேட்டாக மாற்றும். கசடு தனியே வடியும். காற்றை நேரே மூச்சிழுக்கும் மீன் என்பதால் தொட்டியில் நெருக்கி வளர்க்கலாம், உயிர்வளி ஏற்றும் செலவும் குறையும். ஆறும் நிலமும் குறைவான நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் எது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் சிங்கப்பூர்ப் பண்ணைகள் கொடுவாவையும் களவாவையும் நாடுகின்றன. மின்சாரக் கட்டணமும் சம்பளமும் வாடகையும் போக மிஞ்ச வேண்டுமானால் விலையுள்ள மீன்தான் வேண்டும். ஜொகூரிலிருந்து லாரியில் வரும் கெளுத்தியோடு விலையில் மோத இங்கே யாராலும் முடியாது. நிலமும் நிலையாக இல்லை: லிம் சூ காங்கில் 62 பண்ணைகள் ராணுவப் பயிற்சிக்கு இடம் விட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டதை மறந்துவிட்டு யாரும் இருபது ஆண்டுக்கு முதலீடு போட மாட்டார்கள். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019ல் வைத்த இலக்கை அரசாங்கம் 2025 நவம்பரில் மாற்றி, 2035க்குள் புரதத்தில் 30 விழுக்காடு, நார்ச்சத்தில் 20 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. புரதக் கணக்கில் முட்டையோடு மீனும் சேர்ந்திருக்கிறது. மலிவான மீனையும் அந்தக் கணக்கில் சேர்க்க வழி தேடுவார்களா என்பதுதான் என் கவலை. விலையுள்ள மீன் மட்டும் வளர்த்தால் அது சாதாரணக் குடும்பத்தின் தட்டுக்கு வராது.

தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2019ல் மீன்வளர்ப்புக்கென ஒரு புத்தாக்க நிலையம் தொடங்கியது. ரிப்பப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். அன்று முப்பது வயதில் குளம் வெட்டியவர்களுக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். இந்த வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களில் அவர்களும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்து அவர்களிடம் கேட்க வேண்டியவை நிறைய: எந்தப் பச்சையில் சாணத்தை நிறுத்துவீர்கள்? மழை பெய்த மறுநாள் என்ன மாறும்? நோய் வந்த குளத்தை எத்தனை நாள் காயவிட்டீர்கள், காய்ந்தபின் முதலில் எதை விட்டீர்கள்? இன்று தொட்டிப் பண்ணைகளில் வடியும் கசட்டுக்கு என்ன வழி என்று பொறியாளர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்களே, அதை நீங்கள் எந்தப் பாத்திக்கு, எவ்வளவு, எப்போது போட்டீர்கள்?