ஆதார் எண்ணும் கட்சிகளின் நிலைமாற்றமும்

ஆதார் என்பது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு வழங்கப்படும் 12 இலக்க அடையாள எண் ஆகும். விரல்ரேகை, கருவிழிப் படிமம், முகப்படம் ஆகியவற்றுடன் இவ்வெண் மையத் தரவுத்தளம் ஒன்றில் பிணைக்கப்பட்டுள்ளது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இத்திட்டத்தைச் சாடிய பாரதிய ஜனதா கட்சி (பாஜக), ஆட்சிக்கு வந்தபின் இதனை விரிவுபடுத்தியது. கட்சி இவ்வாறு நிலை மாறும்போது அதன் வாக்காளர்கள் விலகுகின்றனரா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

கார்கில் போருக்குப் பின், வாஜ்பாய் ஆட்சிக்காலத்தில், குடிமக்களுக்குப் பல்நோக்குத் தேசிய அடையாள அட்டை வழங்க 2001 இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. குடிமகனையும் அயலவரையும் பிரித்தறிவது அதன் நோக்கமாகும். மாறாக, காங்கிரஸ் தலைமையிலான அரசு 2009 இல் நந்தன் நிலேக்கணியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய ஆதார் திட்டம், குடியுரிமை பாராது வசிப்போர் அனைவருக்கும் உரியது. நலத்திட்ட உதவிகள் உரியவரைச் சென்றடையச் செய்வதே அதன் நோக்கம் எனப்பட்டது. முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிர மாநிலம் தெம்பிலி சிற்றூரில் வழங்கப்பட்டது.

எதிர்ப்பு

அயலவரும் எண் பெறக்கூடும் என்பது பாஜகவின் முதன்மை எதிர்வாதமாக இருந்தது. 2011 டிசம்பரில் அக்கட்சியின் யஷ்வந்த் சின்கா தலைமையிலான நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, ஆதாருக்கான சட்டமுன்வடிவை ஏற்க மறுத்தது. 2014 ஏப்ரலில் நரேந்திர மோடி, ஆதாரால் விளையக்கூடிய பாதுகாப்பு அச்சுறுத்தல் குறித்த தம் வினாக்களுக்கு விடை கிடைக்கவில்லை என்றார். அவ்வாண்டுத் தேர்தலில் பெங்களூரு தெற்குத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற நிலேக்கணி, பாஜகவின் அனந்த் குமாரிடம் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். எனினும் அத்தொகுதி 1996 முதல் அனந்த் குமார் வசம் இருந்தது. எனவே தோல்விக்கு ஆதார் மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது.

நிலைமாற்றம்

2014 ஜூலையில் புதிய அரசு திட்டத்தைத் தொடர முடிவெடுத்தது. 2016 மார்ச்சில் ஆதார் சட்டம் பண மசோதாவாக நிறைவேற்றப்பட்டது. மாநிலங்களவையின் திருத்தங்களை மக்களவை நிராகரித்தது. இம்முறையை எதிர்த்துக் காங்கிரசின் ஜெய்ராம் ரமேஷ் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். பாஜகவிலும் மாற்றுக்குரல் எழுந்தது. மயிலாப்பூரில் பிறந்தவரும் அப்போதைய மாநிலங்களவை உறுப்பினருமான சுப்பிரமணியன் சுவாமி, ஆதாரைக் கட்டாயமாக்குவது தேசப் பாதுகாப்பிற்கு ஆபத்து என 2017 இல் கூறினார். ஆயினும் 2014 இல் 282 ஆக இருந்த பாஜகவின் மக்களவை இடங்கள் 2019 இல் 303 ஆக உயர்ந்தன.

பிரித்தானியாவுடன் ஒப்பீடு

பிரித்தானியாவில் 2004 டிசம்பரில் தொழிற்கட்சி அரசின் அடையாள அட்டைச் சட்டமுன்வடிவைப் பழமைவாதக் கட்சித் தலைவர் மைக்கேல் ஹவார்ட் ஆதரித்தார். தனிமனித உரிமையைப் போற்றிய அவரது கட்சியினர் பலர் வாக்களிப்பைத் தவிர்த்தனர். அவர்கள் நாடத்தக்க வேறொரு கட்சியும் இருந்தது. தாராளவாத சனநாயகக் கட்சி அட்டையை எதிர்த்து வந்தது. 2005 தேர்தலுக்குப் பின் பழமைவாதக் கட்சியும் எதிர்ப்பிற்குத் திரும்பியது. 2006 இல் இயற்றப்பட்ட சட்டத்தை, அவ்விரு கட்சிகளின் கூட்டணி அரசு 2010 இல் நீக்கியது.

இந்தியாவிலோ, இரு பெரிய தேசியக் கட்சிகளும் தத்தம் ஆட்சியில் ஆதாரை முன்னெடுத்தன. எனவே இதன்பொருட்டுக் கட்சி மாற விழைந்தவருக்கும் அவ்விரண்டிற்குள் தெளிவான மாற்று இல்லை. மேலும், ஒரே வாக்கினால் பல பொருள்கள் குறித்தும் தீர்மானிக்கும் வாக்காளர், அடையாள எண்ணை மட்டும் தனித்து எடைபோடுவது அரிது.

நீதிமன்றத் தீர்ப்பு

இதனால் வழக்காடு மன்றமே முதன்மைக் களமாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐவர் அமர்வு, 4-1 என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டம் செல்லும் என்றது. நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதாரைக் கோரலாம். வங்கிக் கணக்கு, செல்லிடப்பேசி இணைப்பு ஆகியவற்றிற்குக் கட்டாயமாக்க இயலாது எனவும் கூறியது. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி சந்திரசூட், சட்டத்தைப் பண மசோதாவாக நிறைவேற்றியது அரசியலமைப்பிற்கு முரணானது என்றார். விரல்ரேகை பொருந்தாமையால் முதியோரும் உடலுழைப்பாளரும் உரிய உதவியை இழக்க நேரும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.