மாற்று இருதயம் உள்ளவருக்குக் கோவிட் வந்தால்: மாத்திரையை நிறுத்தாதீர்!



சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். பெரட்டு முடிந்து ஆட்கள் மரம் வெட்டப் போய்விட்டார்கள். ஒரு தாய் என் மேசை மீது பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே காலைக்கு வேறு, மாலைக்கு வேறு என்று பிரித்து வைத்த மாத்திரைகள். அவருடைய மகனுக்கு மாற்று இருதயம் வைத்து நாலு வருஷம் ஆகிறது. பட்டணத்தில் வேலை செய்பவர், தாயைப் பார்க்க லயத்துக்கு வந்திருந்தார்.

"ஐயா, மவனுக்கு ரெண்டு நாளா சளி, தொண்டை வலி. பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் கோவிட்டாம். இந்த மாத்திரைதான் ஒடம்புல எதிர்ப்புச் சக்தியக் கொறைக்குதுன்னு சொல்றாங்க. அதான் நேத்து ராத்திரி வேணான்னு நிறுத்திட்டேன். சரிதானுங்களே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. ஆனால் அவர் செய்த காரியம் மகனின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் நம் மக்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களும் இதே போன்ற மாத்திரைகளைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒட்டுக் கன்றும் மாற்று இருதயமும்

ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மரத்தின் மொட்டை இன்னொரு கன்றின் பட்டைக்குள் வைத்துக் கட்டினால், சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறது. மனித உடம்பு அப்படிப்பட்டது அல்ல. அதற்குள் ஜாகாக்காரர்கள் மாதிரி வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து எது வந்தாலும் விரட்டுவதுதான் அவற்றின் வேலை. வந்தது நோய்க் கிருமியா, உயிர் காக்க வைத்த இருதயமா என்ற வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் தாக்கும்.

அதனால்தான் மாற்று இருதயம் பெற்றவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்பவை அவற்றில் சில. ஜாகாக்காரரின் கையிலிருக்கும் தடியைக் கொஞ்சம் தாழ்த்தி வைப்பதே இவற்றின் வேலை. தடி தாழ்ந்தால் இருதயம் பிழைக்கும். ஆனால் அதே நேரத்தில் நோய்க் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும்.

உலகின் முதல் நோயாளிக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி, தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவருக்கு இன்னொருவருடைய இருதயத்தைப் பொருத்தினார். அந்த இருதயம் நன்றாகவே துடித்தது. ஆனால் 18-ஆம் நாள் அவர் நிமோனியா காய்ச்சலில் காலமானார். இருதயம் கைவிடவில்லை, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருந்ததால் நுரையீரல் கைவிட்டது.

அதற்குப் பின் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. 1980களில் சைக்ளோஸ்போரின் புழக்கத்துக்கு வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து எடுத்த மருந்து அது. நம் நாட்டில் 1997 டிசம்பரில் கோலாலம்பூர் ஐ.ஜே.என். மருத்துவமனையில் முதல் இருதய மாற்று நடந்தது. இன்று மாற்று இருதயத்தோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்கிறவர்கள் உலகில் ஏராளம்.

கோவிட் வந்தபோது நடந்தது

2020-ல் நியூயார்க் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில், கோவிட் கண்ட 28 மாற்று இருதயக்காரர்களை டாக்டர்கள் கவனித்து எழுதினார்கள். அவர்களில் 22 பேர் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. 7 பேர் இறந்து போனார்கள். அதாவது நாலு பேருக்கு ஒருவர். அப்போது தடுப்பூசி கிடையாது, சரியான மருந்தும் கிடையாது.

2021-ல் தடுப்பூசி வந்தது. அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் உறுப்பு மாற்றிக்கொண்ட 658 பேரைச் சோதித்தபோது, இரண்டு ஊசி போட்ட பிறகும் 46 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவே இல்லை. தாழ்த்தி வைத்த தடி ஊசிக்கும் தாழ்ந்தே இருந்தது. ஆகையால்தான் இவர்களுக்கு மூன்றாவது ஊசியும், அதற்கு மேல் கூடுதல் ஊசிகளும் போடச் சொன்னார்கள். தடுப்பூசியாலும் புதிய மருந்துகளாலும் இறப்பு இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நமக்கு மூன்று நாள் சளியாகப் போகிற கோவிட், இவர்களை மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். கிருமியும் இவர்கள் உடம்பில் வாரக் கணக்கில் தங்கிவிடக்கூடும்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். மாத்திரையை நிறுத்தினால் தடி உயரும், உண்மைதான். ஆனால் அந்தத் தடி கிருமியை மட்டும் அடிக்காது. இருதயத்தையும் சேர்த்து அடிக்கும். கோவிட்டிலிருந்து பிழைத்து, இருதயத்தை இழந்து என்ன பயன்? சில சமயம் டாக்டர்களே ஒரு மாத்திரையைக் குறைப்பது உண்டு. எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை இரத்தம் சோதித்து அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களும் கூடாது, நானும் கூடாது.

நானும் கூடாது என்று ஏன் சொல்கிறேன்? அன்று பழக்க தோஷத்தில் அந்த மகனுக்காக ஒரு வலி மாத்திரையை எடுத்துவிட்டேன். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகுதான் கையை இழுத்துக்கொண்டேன். பொன்ஸ்டான் போன்ற வலி மாத்திரைகள் இவர்களுடைய சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோவிட்டுக்குக் கொடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையே டாக்ரோலிமஸ் மருந்தை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றி விஷமாக்கிவிடும். வேறு மருந்துகள் உண்டு. தெரிந்த டாக்டர்தான் கொடுக்க வேண்டும். நாம் விரும்பிச் சாப்பிடும் தம்புன் பம்பளிமாஸ் பழம்கூட இவர்களுக்கு ஆகாது. அதுவும் மருந்தின் அளவை ஏற்றும். நாட்டு மருந்து, வேர்க் கஷாயம், ஜாமு எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. சளி, இருமல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் அன்றே ஆர்.டி.கே. சோதனை செய்யுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இவர்களுக்குக் காய்ச்சல் காட்டாமலும் இருக்கலாம்.

2. ஒரு கோடுதான் விழுந்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். எந்த முடிவானாலும், இருதயம் மாற்றிய மருத்துவமனையின் கிளினிக்குக்கு அன்றே போன் செய்யுங்கள். அந்த நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

3. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவு மாறிவிடும்.

4. நாடி பார்த்து ஏமாறாதீர்கள். மாற்று இருதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். சும்மா இருக்கும்போதே 90, 100 என்று துடிக்கும். நெஞ்சு வலியும் தெரியாமல் போகலாம். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தலை சுற்றல் இவற்றைக் கவனியுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

5. வீட்டிலுள்ள எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு ஊசி சரியாகப் பிடிக்காதபோது, நாம்தான் அவருக்கு வேலி.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை

நம் லயங்களில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் போய் விசாரிப்பது நம் பண்பு. நல்ல பண்புதான். ஆனால் இருமலோடு போய்ச் சுகம் விசாரிக்காதீர்கள். வாசலில் நின்று, மாஸ்க் போட்டுக்கொண்டு, ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர் கோவில் கூட்டத்துக்கோ கேத வீட்டுக்கோ வராவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள்.

இருமிக்கொண்டே பெரட்டுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம், சம்பளம் போய்விடும் என்ற பயம். டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு எடுப்பது சட்டம் தந்த உரிமை. தீபகற்பத்தில் 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். உரிமையைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு ஓய்வு; பக்கத்து வீட்டுக்காரருக்கு உயிர்.

அந்த மகன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அங்கேயே கிளினிக்குக்குப் போன் போட்டேன். அவர்கள் சொன்னபடி விட்டுப்போன மாத்திரையைக் கொடுத்தோம். சோதனையில் ரெண்டு கோடு விழுந்தது. அன்று மத்தியானமே தோட்ட வண்டியில் மருத்துவமனைக்குப் போனார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். அந்த அம்மா இப்போது என்னைப் பார்த்தால், "ஐயா, மாத்திர குடுத்தாச்சு" என்றுதான் முதலில் சொல்கிறார்.

முகம் தெரியாத ஒரு குடும்பம், தங்கள் துக்கத்தின் நடுவில் கொடுத்த இருதயம் அது. அதைக் காப்பாற்றுவது அவர் ஒருவரின் வேலை மட்டும் அல்ல, நம் லயத்தின் வேலையும்தான்.