பாஞ்சோக் கருவியும் துணைவாசிப்பும்

இசைக்கருவி பயில்வோருட் பலர், தனித்து வாசித்துப் பாராட்டுப் பெறுதலையே பயிற்சியின் முடிவெனக் கருதுவர். பிறர் பாடும்பொழுது உடன் வாசித்தல் அதனினும் அரிதாகும். அமெரிக்க நாட்டுப் புளூகிராஸ் இசையில் வழங்கும் பாஞ்சோ இதற்குத் தக்க சான்றாகும்.

அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க மக்களின் இசைமரபிலிருந்து தோன்றியது பாஞ்சோ. வட்டச் சட்டத்தின்மீது தோல் அல்லது பிளாஸ்ரிக் தகடு இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கும். புளூகிராஸ் பாஞ்சோவுக்குத் தந்திகள் ஐந்து. அவற்றுள் ஐந்தாவது குறுகியது. 1945ஆம் ஆண்டின் இறுதியிற் பில் மன்றோவின் குழுவிற் சேர்ந்த ஏர்ல் ஸ்குரக்ஸ், பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றினாலும் மாறிமாறி விரைந்து மீட்டிய முறையே இவ்விசைக்கு அடையாளமாயிற்று.

புளூகிராஸிற் பாஞ்சோ, வயலின், மண்டலின், கிற்றார் என்பன முறைமுறையாகத் தலைமையேற்கும். ஆகவே, ஒரு பாடலிற் பாஞ்சோவின் தனிவாசிப்புச் சிறுபகுதியே, எஞ்சியதெல்லாம் துணைவாசிப்பு. தனியுருப்படிகளை மட்டும் மனனஞ் செய்த மாணவன் குழுவில் அமரும்போது, ஒன்றிற் கைகட்டி வாளாவிருப்பான். அன்றேற் பாடகரின் குரலை அமுக்கி வாசிப்பான். பாஞ்சோவின் ஒலி உரத்தது. ஆதலின் இரண்டாவது குற்றம் எளிதில் நிகழும்.

இக்குறை நீங்கப் பயிலவேண்டியவை மூன்று. முதலாவது வெட்டுவாசிப்பு. தாளத்தின் முதன்மைத் தட்டுக்களைத் தாழ்குரல் வயலின் ஒலிக்க, அவற்றின் இடைத்தட்டுக்களிற் பாஞ்சோ சுரத்தொகுதியைச் சுருக்கென ஒலிக்கும். இடக்கை விரல்கள் தந்திகளை அழுத்தி, மீட்டியவுடன் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் ஒலி அடங்கிவிடும். திறந்த தந்தி கலவாமையின், ஒரே விரலமைப்பை மெட்டுக்களின்மேல் நகர்த்திப் பல சுரத்தொகுதிகளையும் பெறலாம். மண்டலினுக்கும் இதுவே வழக்கமான பணியாதலின், அது தலைமையேற்கும்போது பாஞ்சோ அப்பணியை ஏற்பது சிறப்பு.

இரண்டாவது உருட்டு. மூன்று விரல்களும் இடையறாது மீட்டும் சுரவரிசை, பாட்டின் அடியில் மெல்லோட்டமாக ஓடவேண்டும். பாஞ்சோவின் சுரம் விரைவில் மங்குவதால், உருட்டே அதன் தொடர்ச்சியைக் காக்கின்றது. வயலின் உச்சத்தில் ஒலிக்கையிற் பாஞ்சோ கீழ்நிலையில் ஒலித்தல் தக்கது. இரண்டும் ஒரே நிலையில் மோதினால் இரண்டுங் கெடும்.

மூன்றாவது இடைநிரப்பு. பாடகர் அடியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் ஒரு சிறுதொடரை வாசித்தல் இது. கடைசிச் சொல் முடியுமுன் தொடங்குதலும், அடுத்த அடி தொடங்கியபின் நீடித்தலும் பிழையாம். பாடலை அறியாதவன் இவ்விடைவெளியை அறியமாட்டான். ஆதலின் மாணவன், வெட்டுவாசிப்பை வாசித்தவாறே பாட்டை வாய்விட்டுப் பாடிப் பழகுதல் நலம். அது கைவரும் வரை இடைநிரப்பை நாடாதிருத்தல் அதனினும் நலம்.

இவ்வாறு நோக்குமிடத்து, துணைவாசிப்பு விரலினும் செவியையே பெரிதும் வேண்டுவதென்பது பெறப்படும். பிறர் ஒலிக்க இடமளித்து, தன் இடம் வந்தபோது தவறாது ஒலிப்பவனையே குழு மீண்டும் அழைக்கும்.