பழைய போர்டில் புது ப்ராசஸர்: பழி யார் மேல்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஓடும் டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு அப்போது பிடித்த கவலை இன்னும் விடவில்லை. புது சிஸ்டம் வாங்கக் கை வராது. "ப்ராசஸரை மட்டும் மாத்திடுங்க சார், ஐ7 செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது, சிஸ்டம் பறக்கும்" என்று சர்வீஸ்காரர் சொல்வது நியாயமாகவே படும். மாற்றுகிறார்கள். இரண்டொரு நாள் பறக்கவும் செய்கிறது. பிறகு ஒருநாள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது, இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகிறது.

அதற்குப் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். விற்றவர், "பீஸ் நல்ல பீஸ், உங்க போர்டுதான் பழசு" என்பார். மாட்டியவர், "பீஸ்தான் சரியில்ல" என்பார். நடுவில் நிற்பவருக்கு எது உண்மை என்று தெரியாது. தெரியாததால் பணத்தையும் அழுத்திக் கேட்க முடியாது. கோளாறைக் கண்டுபிடிப்பது டெக்னீஷியன் வேலை, பணத்தைத் திரும்பக் கேட்பது வக்கீல் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இங்கே இரண்டும் ஒரே வேலை. என்ன செய்யும்போது, எப்படி விழுகிறது என்று குறித்துவைத்த தாள்தான் நாளைக்குச் சாட்சி.

முதலில் ஒரு விற்பனைப் பேச்சை உடைத்துவிடலாம். "ஐ7 போட்டா விண்டோஸ் 11 ஓடும்" என்று சொல்லி யாராவது இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சில்லை விற்றால் அது பொய். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு. குறுக்கு வழியில் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் பொறுப்பு உங்களுடையது. இன்னும் பழைய கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் சில்லுகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட் ஆகவே ஆகாது; அது கேட்கும் கட்டளைத் தொகுப்பு அந்தச் சில்லுகளில் கிடையாது. வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால், அதே காசுக்கு ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டாலே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கட்சி. மாற்றியாகிவிட்டது என்பவர்கள் மேலே படிக்கலாம்.

நம் ஊரில் இன்றும் நிறைய ஓடுகிற ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். எச்61 சிப்செட் போர்டு, அதில் ஐ3-2100. அதைக் கழற்றிவிட்டு ஐ7-2600 போடுகிறார்கள். இரண்டும் 2011-இல் வந்தவை, இரண்டுக்கும் அதே 1155 சாக்கெட். அழகாக உட்காரும். ஆனால் ஐ3-யின் வெப்ப வரம்பு 65 வாட், ஐ7-க்கு 95 வாட். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு கோர். சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ்ஸிடம் இதைக் கேட்பது நாலு பேருக்கு வைத்த உலையில் பத்துப் பேருக்குச் சோறு கேட்பதுதான்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதை நம்ப வேண்டாம். கீழே சின்ன அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 168 வாட். ப்ராசஸர், மின்விசிறிகள், ஹார்டு டிஸ்க் மோட்டார், கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவும், எல்லாம் இந்த 168-க்குள் பிழைக்க வேண்டும். அதுவும் புதிதாக இருந்தபோது எழுதிய கணக்கு. பத்து வருஷம் தூசியும் வெயிலும் தின்ற கெப்பாசிட்டர்கள் அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதில்லை. மல்டிமீட்டர் இருந்தால், சிஸ்டம் முழு வேலையில் இருக்கும்போது ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மஞ்சள் ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏடிஎக்ஸ் தரப்படி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். அதற்குக் கீழே சரிந்தால் ப்ராசஸரைத் திட்டுவதில் பயனில்லை. போர்டில் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு தன் கதையைச் சொல்லிவிட்டது.

அடுத்தது சூடு. ஐ3-யோடு வந்த குட்டை அலுமினிய கூலரையே ஐ7-க்கும் மாட்டிவிடுவது வழக்கமான சிக்கனம். அதை நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்கள் பிடித்திருக்கும். நான்கில் ஒன்று முழுதாக இறங்காமல் இருப்பது அடிக்கடி நடப்பது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, போர்டின் பின்பக்கம் நான்கு பின்களும் விரிந்து பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காய்ந்த பழைய பேஸ்ட்டின் மேலேயே கூலரை வைத்து அழுத்துகிறவர்களும் உண்டு. சில்லு நூறு டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அதையும் மீறினால் பட்டென்று அணைந்துவிடும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரின் சூட்டையும் காட்டும். வெறுமனே டெஸ்க்டாப் திரையில் நிற்கும்போதே எழுபது, எண்பது காட்டினால் கூலரைக் கழற்றித் துடைத்து, புது பேஸ்ட் வைத்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

ரேமை யாரும் சந்தேகிப்பதில்லை, அதுதானே முன்பு நன்றாக ஓடியது என்பார்கள். ஐ3-2100 நினைவகத்தை 1333 வேகத்தில்தான் ஓட்டும். ஐ7-3770 போன்ற மூன்றாம் தலைமுறைச் சில்லு 1600 வரை போகும். ஸ்டிக்கரில் 1600 என்று எழுதியிருந்தும் இத்தனை வருஷம் 1333-இல் சொகுசாக ஓடிய மலிவு ரேம், இப்போதுதான் முதல்முறையாக நிஜ வேகத்தில் ஓடிச் சறுக்கும். பயாஸில் வேகத்தை 1333-க்கு இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுவது இன்னும் உறுதி. அதே 3770-ஐ 2011 காலத்து எச்61 போர்டில் போட பயாஸ் அப்டேட் வேண்டும். அது இல்லாவிட்டால் கிராஷ் கூட வராது, டிஸ்பிளேயே வராது. பிராண்டட் கம்பெனி சிஸ்டங்களில் அந்த அப்டேட் வெளிவராமலே போனதும் உண்டு.

இனி விழுகிற விதம். கேம், வீடியோ ரெண்டரிங் என்று பளு ஏறும்போது மட்டும், நீலத்திரை எதுவும் இல்லாமல் கரண்ட் போனதுபோல் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது சூடு. சும்மா இருக்கும்போது ஹேங் ஆனால் ரேம், பயாஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்தால் சிஸ்டம் பதிவுகளில் சிவப்புக் குறிகள் இருக்கும். கெர்னல் பவர் 41 என்பது சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதை மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. வீயா லாகர் என்ற பெயரில் பிழை வந்திருந்தால் வன்பொருளே புகார் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். சில்லு, அதன் வோல்டேஜ், போர்டு என்று சந்தேகம் அந்த வட்டத்துக்குள் வரும். இந்தத் திரையைத் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ்காரர் கையில் கொடுத்தால் அவர் செய்யும் முதல் காரியம் ஃபார்மட். பதிவுகளும் அதோடு போகும்.

யுபிஎஸ்ஸை மறந்துவிடக் கூடாது. கோடை மாலையில் வோல்டேஜ் இறங்கி, யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்த ஒரு கணத்தைச் செத்த பேட்டரி தாங்காது. சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும், பழி ப்ராசஸர் மேல் விழும். ஒருநாள் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான சோதனை, பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அதனால்தான் கழற்றிய சில்லை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் குறைந்தது ஒரு மாதம் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். பழையதில் நன்றாக ஓடி, புதியதில் விழுந்தால் ஒன்று சில்லு கெட்டது, அல்லது அதன் பசியை உங்கள் சிஸ்டம் தாங்கவில்லை. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி: பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். சில்லு தானாக ஏற்றிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும். அதன்பின் கிராஷ் நின்றால் பெரும்பாலும் மின்சாரமோ சூடோதான் பிரச்சினை. அப்படியும் விழுந்தால் சில்லின் மேல் சந்தேகம் கூடுகிறது. அதை இன்னொரு நல்ல போர்டில் போட்டு, அங்கேயும் விழுந்தால் வாதம் முடிந்தது. பழையதைப் போட்டும் விழுகிறது என்றால், மாற்றும்போது சாக்கெட்டில் ஏதோ நடந்திருக்கலாம். இந்த வகைப் போர்டுகளில் பின்கள் சில்லில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. தலைமுடி கனத்தில் இருக்கும் பின் ஒன்று வளைந்தால் போதும், ஒரு ரேம் ஸ்லாட் காணாமல் போகும். வேலைக்குக் கொடுக்கும் முன்பே சாக்கெட்டைத் திறந்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது பணம். சட்டத்தின் கண்ணில் மூன்று நிலைகள் வெவ்வேறு. நீங்களே மாடல் சொல்லி ஒரு சில்லு வாங்கினீர்கள், சில்லு நல்லது, உங்கள் போர்டு தாங்கவில்லை: விற்றவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. சில்லே கெட்டது: அது பொருளின் குறைபாடு, விற்றவர் பொறுப்பு. கடைக்காரரே உங்கள் சிஸ்டத்தைப் பார்த்து, இதைப் போடலாம் என்று சொல்லி, கூலி வாங்கி மாட்டினார். போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ தாங்காது என்பதை அவர் பார்க்கவில்லை: இது சேவைக் குறைபாடு. நிறைய வழக்குகள் இந்த மூன்றாவது வகை, ஆனால் மக்கள் சண்டை போடுவது இரண்டாவதைச் சொல்லி. அதனால்தான் "பீஸ் நல்ல பீஸ்" என்ற ஒரே வார்த்தையில் வாயடைத்துப் போகிறார்கள். பீஸ் நல்லதாகவே இருக்கட்டும். தாங்காத இடத்தில் மாட்டியது யார் என்று கேளுங்கள்.

2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் கொடுக்காததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி கூட ஆகும் சார்" என்ற பேச்சுக்குத் தலையாட்டும்போது விட்டுக்கொடுப்பது வரியை அல்ல, ஆதாரத்தை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தராததும் அதே பட்டியலில் இருக்கின்றன. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பது இதை அழித்துவிடாது. பழைய பொருளைப் புதியதென்று விற்பதும் அந்தச் சட்டத்தில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் என்று தெரிந்தே வாங்கினாலும் நீங்கள் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கும் வணிக நோக்கத்தில் வாங்கியவருக்கும்தான் கதவு அடைப்பு. டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்துத் தானே உழைத்துப் பிழைப்பவர் அந்த வணிகக் கணக்கில் வரமாட்டார்.

வாங்கும்போது சில்லின் உலோக மூடியில் உள்ள எழுத்துகளைப் படித்து பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஐ7-2600 என்றால் எஸ்ஆர்00பி என்ற குறி இருக்கும். அதற்குப் பதில் இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தால் கையால் தொடாமல் விட்டுவிடுங்கள். அது சோதனைக்காகக் கம்பெனி கொடுத்த என்ஜினியரிங் சாம்பிள். இன்டெல்லின் சொத்து, விற்பனைக்கே உரியதல்ல, வாரண்டி கிடையாது. மூடியைச் சுரண்டி எழுத்தை மாற்றியிருந்தாலும் சிபியு-இசட் மென்பொருள் மாடல் பெயருக்குப் பக்கத்தில் இஎஸ் என்று காட்டிக்கொடுத்துவிடும். மற்றபடி பெட்டியோடு வரும் இன்டெல் சில்லுகளுக்கு வழக்கமான வாரண்டி மூன்று வருஷம்தான். இந்தப் பழைய மாடல்களுக்கு அது எப்போதோ முடிந்துபோனது. கடைக்காரர் தரும் செக்கிங் வாரண்டி ஒன்றுதான் மிச்சம், எனவே அது எத்தனை நாள் என்பது எழுத்தில் வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கியாகிவிட்டதா? யுபிஐ ரசீது, விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடல், மாட்டிய அன்று எடுத்த போட்டோ எல்லாம் சேர்ந்து ஓரளவு கைகொடுக்கும். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கூடப் போதும். கிராஷ் நேரங்கள், ஈவென்ட் வியூவர் படம், பழைய சில்லு போட்டபோது கிடைத்த முடிவு, கேட்கும் தொகை. சண்டை வார்த்தை ஒன்றும் வேண்டாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். குறைபாட்டைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாதபோது ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்ச் சில்லுக்கு இது கட்டுப்படியாகாது. சேவைக் குறைபாடு என்று மனுவை எழுதி, மாட்டியவர் எஸ்எம்பிஎஸ் லேபிளைக் கூடப் பார்க்கவில்லை என்பதற்கு அந்த ஸ்டிக்கரின் போட்டோவை இணைத்தால், சோதனைக்கூடம் வரை போக வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.