தலைக்கு மேல் வேலை, தண்டனை கழுத்துக்கு
கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களின் வலிக்கு ஒரு எளிய மருந்து: தினம் 2 நிமிடம்

பெங்களூரு, குருகிராம், மும்பை - எந்த ஊர் அலுவலகமானாலும் மாலை நான்கு மணிக்கு ஒரே காட்சிதான். ஒருவர் கழுத்தை நெட்டி முறிக்கிறார். இன்னொருவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். மேஜை டிராயரில் வலித் தைலம் தயாராக இருக்கிறது. வலி முற்றினால் கழுத்துப் பட்டை.

பழி விழுவது நாற்காலியின் மேல். ஆனால் அசையாமல் இருப்பதுதான் பெரிய குற்றவாளி. மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு அதை எளிதாகத் தாங்கிவிடும். லேப்டாப்பையோ செல்போனையோ பார்க்கக் குனிந்தால் பாரம் பின்கழுத்துத் தசைகளுக்கு மாறுகிறது. அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, தலை 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம். மணிக்கணக்கில் இறுகியே இருக்கும் தசை களைத்துப்போகிறது, வலிக்கிறது.

மாற்று வழி டென்மார்க்கிலிருந்து வந்தது. கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. சிலர் தினம் 2 நிமிடம், சிலர் 12 நிமிடம் என வாரத்துக்கு 5 நாள் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்களுக்கு ஆரோக்கியக் குறிப்புகள் மட்டுமே. 10 வாரங்களில் பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. 2 நிமிடக்காரர்கள் அதிகம் பின்தங்கிவிடவில்லை. புதிதாக வலி வராமல் தடுக்கவும் உடற்பயிற்சி உதவக்கூடும் என்கிறது 2018-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு.

செய்முறை சுலபம். பட்டையின் நடுவில் காலை வைத்து நின்று, இரு முனைகளையும் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால், உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் 5 விநாடி எதிரெதிராக அழுத்தலாம். அதேபோல் பின்தலையிலும் இரு பக்கங்களிலும். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவதும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் துணை மருந்து.

கழுத்துப் பட்டையை நீங்களாகவே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். நாள் கணக்கில் போட்டிருந்தால் தசை பலவீனமாகும். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்குத் தேவை 2 நிமிடம். ஒரு டீ ஆறும் நேரம்தான்.