வரம் கேட்ட கதாபாத்திரம்

நாயகனைச் சாகடித்துவிட்டு எழுத்தாளர் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதை ஹாலிவுட் 1982-ல் தெரிந்துகொண்டது. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாவது படத்தில் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக் சாகப்போகிறார் என்ற சேதி, படம் வருமுன்பே கசிந்தது. ரசிகர்கள் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார்கள். விண்கப்பலில் இருப்பவர்களைக் காப்பாற்ற ஸ்பாக் உயிரைக் கொடுக்கிறார். கதைப்படி நியாயமான சாவுதான். ஆனாலும் சோதனைத் திரையிடல் பார்த்தவர்களின் முகவாட்டத்தைக் கண்டு, அவர் திரும்பி வரலாம் என்று சாடை காட்டும் காட்சியைக் கடைசியில் ஒட்டவைத்தார்கள். இயக்குநர் நிக்கோலஸ் மேயருக்கு அதில் உடன்பாடில்லை. 1984-ல் ஸ்பாக் உயிரோடு வந்துவிட்டார்.

நம் பக்கத்து விஞ்ஞானக் கதைகளிலும் இதே வழக்கம்தான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி ஒரே கதையோடு விடைபெறவில்லை. ‘மீண்டும் ஜீனோ’ என்று தலைப்பிலேயே அது திரும்பியது. 2010-ல் ‘எந்திரன்’ படத்து ரோபோ சிட்டி, நீதிமன்ற உத்தரவுப்படி தன்னைத்தானே கழற்றிப் போட்டுக்கொண்டது. 2018-ல் ‘2.0’ அதை மறுபடி பூட்டி நிறுத்தியது.

சாகடிக்கப்பட்ட பாத்திரத்துக்காக வாதாடும் இந்த வழக்கின் மிகப் பழைய வாய்தா ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கில் இருக்கும் பெயர் அரவான்.

ஒருவனுக்கு இரண்டு சாவு

வியாச பாரதத்தில் அரவான் சிறிய பாத்திரம். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கனிடம் வெட்டுப்பட்டுச் சாகிறான். கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

தமிழ் அப்படி விட்டுவிடவில்லை. 9-ம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் போருக்கு முன் களப்பலி ஆகிறான். வில்லிபுத்தூரார் பாரதத்திலும் களப்பலி உண்டு. போரின் நடுவே விழுந்த பலரில் ஒருவன், அவன் இல்லாமல் போரே தொடங்காது என்ற இடத்துக்கு வந்துவிட்டான். துணைப் பாத்திரத்தை நாயகனாக்கிய இந்த வேலையைத் தெருக்கூத்து இன்னும் பெரிதாகச் செய்தது. வடதமிழகத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளில் ‘அரவான் களப்பலி’ ஒரு முழு இரவுக்கான ஆட்டம். அங்கே அவன் தன் கையாலேயே தன் சதையை அறுத்துக் காளிக்குப் படைக்கிறான். சிட்டி தன் பாகங்களைக் கழற்றும் காட்சிக்கு உருகிய தமிழ் ரசிகனுக்கு, அந்த உருக்கம் எந்தப் பரம்பரையிலிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூத்து முடிந்தாலும் பார்த்தவர்களின் வாதம் முடியாது. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவனைப் பலியிட வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படி இருப்பவர்கள் மூவர்தான்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். “முதல் ஆள் சாமி, ரெண்டாவது ஆள் இல்லாம சண்டையே இல்ல. அப்ப மூணாவது ஆள்தானே?” என்று கணக்குச் சொல்பவர் ஒருவர் என்றால், “பெத்த அப்பன் வாயத் தொறக்கலியே பெரியப்பா” என்று மடக்குகிறவர் இன்னொருவர்.

சகாதேவன் விவகாரம் தனி. பலிக்கு நல்ல நாள் எது என்று துரியோதனனே வந்து கேட்க, எதிரி என்று பாராமல் அமாவாசை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறான். துரியோதனனை முந்திக்கொள்ள, கிருஷ்ணன் முந்தின நாளே தர்ப்பணம் கொடுக்க உட்கார்கிறான். இதென்ன கூத்து என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து நிற்க, இருவரும் சேர்ந்தால் அதுதான் அமாவாசை என்று காரியத்தை முடித்துவிடுகிறான். கதையில் விழுந்த ஓட்டையை இவ்வளவு அழகாக அடைத்த திரைக்கதை ஆசிரியர்கள் குறைவு. அது சாமர்த்தியமா, திருட்டுத்தனமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்த மண்ணில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம் என்பது என் எண்ணம். மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தார்கள். பெரியவர்களின் காரியத்துக்கு யாரைக் கொடுப்பது என்ற பேச்சு வரும்போது, அரண்மனையில் வளராத பிள்ளையின் பெயர் முதலில் அடிபடுவது இங்கே யாருக்கும் விளங்காத சங்கதி அல்ல.

கேட்டு வாங்கியவை

அரவான் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. அவன் கேட்ட வரங்கள் ஊருக்கு ஊர் கூடும், குறையும், இரண்டு முக்கியம். சாவதற்கு முன் கல்யாணம் ஆக வேண்டும். வெட்டுண்ட பின்னும் தலை மட்டும் விழித்திருந்து பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும். விடிந்தால் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. கிருஷ்ணனே மோகினியாகி மணந்து, மறுநாள் தாலியறுத்து அழுதான்.

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில், அரவானையே கூத்தாண்டவராக வணங்கும் கோயிலின் சித்திரைத் திருவிழா இந்தக் கதைமேல்தான் நிற்கிறது. சாகை வார்த்தலில் தொடங்கிப் பதினெட்டு நாள். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய இரவில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. விடிந்ததும் அரவான் தேரேறுகிறான். பந்தலடியில் தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, ஒப்பாரி எழுகிறது, வெள்ளைப் புடவை ஏறுகிறது.

ஸ்பாக் ரசிகர்களிடமிருந்து கூவாகம் பிரிவது இங்கேதான். முடிவை மாற்றச் சொல்லி இங்கே யாரும் மனுப் போடுவதில்லை. பார்வையாளர்கள் கதைக்குள் இறங்கி, மோகினியின் இடத்தில் நின்று, அவனுக்கு வரவேண்டிய கண்ணீரைத் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள். குடும்பம் ஒதுக்கிய பலருக்கு, ஊரறிய மணந்து ஊரறிய அழும் உரிமையும் அதே கதையில் கிடைத்துவிடுகிறது.

ஸ்டுடியோக்கள் ரசிகர் கோபத்தைத் தவறாகப் படிக்கின்றன. செத்தவரை எழுப்பிக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கின்றன. ஆனால் ரசிகர் சண்டைகளைக் கூர்ந்து கேட்டால், அரவான் கேட்டவையும் அவனுக்குக் கிடைத்த கண்ணீரும்தான் வேறு பெயரில் வருகின்றன. வாழ விடாமலே கொன்றுவிட்டார்கள். அவர் சாவால் என்ன விளைந்தது என்று காட்டவில்லை. அடுத்த காட்சியிலேயே எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். இந்த மூன்று குறையையும் வைக்காத எழுத்தாளர் யாரை வேண்டுமானாலும் சாகடிக்கலாம். வாசகர்கள் அழுவார்கள், ஏசுவார்கள். ஆனால் ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.